நெப்போடிசமா, ஃபேவரிடிசமா?

கேள்வி: மேலாளர் தனக்கு வேண்டியவருக்கே பதவி உயர்வு தருகிறார். இதை ஆங்கிலத்தில் நெப்போடிசம் என்று எழுதலாமா?

பதில் 1: வேண்டியவர் சொந்தக்காரராக இருந்தால் மட்டும். இத்தாலியில் 'நிபோதே' என்றால் உடன்பிறந்தாரின் பிள்ளை. போப்பாண்டவர்கள் அப்பிள்ளைகளைத் திருச்சபையின் உயர் பதவியான கர்தினால் ஆக்கிய வழக்கத்தில் பிறந்த சொல் இது. 1692இல் போப் பன்னிரண்டாம் இன்னசென்ட் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பாடு போட்டார். உறவே இல்லையென்றால் ஃபேவரிடிசம், அதாவது பாரபட்சம்.

பதில் 2: கூட்டாளிக்குப் பதவி கொடுத்தால் குரோனியிசம்.

பதில் 3: எழுதும்போது கவனம். 'ஃபேவரிடிசம்' என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'எ' (a) வராது, பன்மையும் கிடையாது. 'பாரபட்சம் பண்ணுகிறார்' என்பதை அப்படியே மாற்றி 'டஸ் ஃபேவரிடிசம்' என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. 'ஷோஸ் ஃபேவரிடிசம் டுவர்ட்ஸ் ஹிம்' என்பதே சரி. 'பார்ஷியல்' என்றால் பாரபட்சமான என்று பொருள், ஆனால் 'பார்ஷியல் டு மியூசிக்' என்றாலோ பாரபட்சமே இல்லை, இசை ரொம்பப் பிடிக்கும் என்று பொருள்!