பாய்லர் எத்தனை கிலோவாட்? அவசரம்

ஹாரோவாசி: லண்டனிலிருந்து வணக்கம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் நேற்றிரவு நின்றுவிட்டது. வீட்டில் கைக்குழந்தை. பார்க்க வந்தவர் 40 கிலோவாட் காம்பி (தொட்டி இல்லாமல் குழாய்த் தண்ணீரையும் உடனுக்குடன் சூடாக்கும் பாய்லர்) போடச் சொல்கிறார், பெரிதாக இருந்தால் நல்லதாம். எதை வாங்கலாம்? இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும்.

கென்டன் அக்கா: எத்தனை படுக்கையறை, எத்தனை குளியலறை? பழையதும் காம்பியா, இல்லை அலமாரிக்குள் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா? இது தெரியாமல் என்ன சொல்வது தம்பி? முதலில் குழந்தையின் அறைக்கு எண்ணெய் நிரப்பிய ஒரு மின் ஹீட்டர் வாங்கி வையுங்கள்.

குரொய்டன்12: கண்டென்சேட் குழாய், அதாவது பாய்லரின் கழிவுநீர் வெளியேறும் குழாய், உறைந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இதேதான். வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் குழாய் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கொதிநீர் வேண்டாம்.

ஹாரோவாசி: உறையவில்லை. 18 வருடப் பழைய காம்பி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயின் சூட்டை நீருக்கு மாற்றும் பாகம்) ஓட்டை. 1930களில் கட்டிய செமி (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு), 3 படுக்கையறை, ஒரு குளியலறை.

குரொய்டன்12: அழுத்தமானி 1 பாருக்குக் கீழே இருக்கிறதா?

கென்டன் அக்கா: ஓட்டை என்கிறாரே!

பழைய கை: குளிர்காலம் வந்தால் இதே கேள்வி. அறைகளில் இருக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களை எண்ணி பாய்லர் வாங்குவதை எப்போது விடப் போகிறீர்கள்? காம்பிக்குக் கணக்கு இரண்டு. வெந்நீருக்கு ஒன்று, வீட்டைச் சூடாக்க ஒன்று. குழாய்த் தண்ணீரை 35 டிகிரி ஏற்றினால் 24 கிலோவாட் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தரும், 40 கிலோவாட் 16 லிட்டர். ஆனால் தெருவிலிருந்து அவ்வளவு தண்ணீர் வந்தால்தானே! சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். அப்புறம், போன ஜனவரியில் மிகக் குளிரான நாளில் ஸ்மார்ட் மீட்டர் காட்டிய கேஸ் அளவையும் எழுதுங்கள்.

ஹாரோவாசி: வாளி 55 விநாடி. கேஸ் 140 கிலோவாட் மணி.

பழைய கை: நிமிடத்துக்கு 11 லிட்டர்தான். 40 கிலோவாட் வீண். 140-இல் வெந்நீருக்கும் சமையலுக்கும் 15 போகட்டும். மீதி 125-இல் 85 சதவீதம் சூடாக மாறியது என்றால் 106. 24 மணி நேரத்தால் வகுத்தால் நாலரை கிலோவாட். விடியலில் வேகமாகச் சூடேறக் கொஞ்சம் சேர்த்தாலும் 7 தாண்டாது. எனவே வெந்நீர்தான் அளவைத் தீர்மானிக்கிறது: 24 கிலோவாட் காம்பி போதும். எவ்வளவு கீழே இறங்கி எரியும் என்பதையும் கேளுங்கள். 3 கிலோவாட் வரை இறங்கினால் நல்லது, இல்லையேல் எரிந்து அணைந்து எரிந்து கேஸைத் தின்னும்.

பசுமைவீடு: ஏன் இன்னும் கேஸ்? வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்புக்கு அரசு 7,500 பவுண்டு தருகிறது.

குரொய்டன்12: மின்சாரம் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை.

பசுமைவீடு: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு வருகிறதே. அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கென்டன் அக்கா: தொட்டி வைக்க இடம் வேண்டும், மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், வேலைக்கும் பல நாள். குழந்தை குளிரில் கிடக்கும்போது இந்த வாதம் வேண்டாம். தம்பி, வருபவரிடம் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்பதற்கான அட்டை) பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

பழைய கை: மாட்டியதும் சூடாக்கும் நீரின் வெப்பத்தை 80-லிருந்து 60-க்கு இறக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் நீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி நீராகி, அதன் சூடு வீட்டுக்கு வரும். 92 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருப்பது அப்போதுதான் கிடைக்கும்.

ஹாரோவாசி: வேறொருவரைக் கூப்பிட்டு 24 போட்டாச்சு. 60-இல் ஓடுகிறது. குழந்தை தூங்குகிறது. மாடியில் கடைசி அறை மட்டும் சூடாகவில்லை. நன்றி.

பழைய கை: கீழே உள்ள ரேடியேட்டர்களில் எண் போட்ட திருகியை விட்டுவிட்டு, மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்ட வால்வைக் கால் சுற்று மூடிப் பாருங்கள். அப்போது மாடிக்கு அதிக வெந்நீர் போகும்.