டெக்சாஸ் மழைநீர் பெர்மிட்: 14 நாள் + மழை ஆய்வா, வாரம் ஒரு ஆய்வா? (அளவுகோல், வண்டல்பிடி, சரிவுக்கோடு என்ற புனைபெயர்களில் மூவர் விவாதம்)

அளவுகோல்:
கட்டுமான இடத்து மண் மழைநீரோடு ஓடைக்குப் போகாமல் தடுக்க, டெக்சாஸ் சுற்றுச்சூழல் ஆணையமான டி.சி.இ.க்யூ. தரும் கட்டுமானப் பொது பெர்மிட் (டி.எக்ஸ்.ஆர். 150000, 2023 மார்ச் 5 முதல் நடப்பில் இருப்பது) சைட் ஆய்வுக்கு இரண்டு வழி தருகிறது. ஒன்று, 14 நாளுக்கு ஒரு ஆய்வு, அதோடு 0.5 அங்குலமோ அதற்கு மேலோ மழை பெய்து ஓய்ந்த 24 மணி நேரத்துக்குள் இன்னொன்று. மற்றது, மழை வந்தாலும் வராவிட்டாலும் குறித்த கிழமையில் 7 நாளுக்கு ஒருமுறை.

ஹூஸ்டன் பக்கம் வேலை செய்பவர்கள் வார ஆய்வையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆண்டுக்குச் சுமார் 50 அங்குலம் மழை பெய்கிற ஊர். மழை ஆய்வு என்று எழுதிக்கொடுத்துவிட்டால் மழைமானியைப் பார்த்துத் தேதி வாரியாகக் குறித்து வைத்தே ஆக வேண்டும். ஒரு நாள் குறிப்பு விட்டுப்போனால், அன்று அரை அங்குலம் தாண்டவில்லை என்று காட்டக் கையில் எதுவும் இருக்காது. மண்ணைப் பிடிக்கும் தடுப்பெல்லாம் ஒழுங்காக நின்றாலும் கோப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

வண்டல்பிடி:
சார், கோப்பைக் காப்பாற்றும் வழியைச் சொல்கிறீர்கள், ஓடையை யார் காப்பாற்றுவது? வியாழக்கிழமை ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை இரண்டு அங்குலம் கொட்டி, சில்ட் ஃபென்ஸ் (மண்ணைப் பிடிக்கும் துணி வேலி) அடியில் அரித்துத் துணி தொங்குகிறது. அடுத்த வியாழன் வரை அதைப் பார்க்க வேண்டிய கட்டாயமே யாருக்கும் இல்லை. நடுவில் இன்னொரு மழை வந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் மண் முழுக்கப் போகும். ஆய்வு நடப்பதே மழைக்குப் பிறகு எது உடைந்தது என்று பார்க்கத்தான்.

மழைமானி பெரிய செலவும் இல்லை. சைட்டிலேயே ஒன்றை மரம், கூரை மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் காலை ஒரே நேரத்தில் அளவு பார்த்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டாமல் விட்டால் இரண்டு நாள் மழை ஒன்றாகத் தெரியும். விமான நிலையத்து அளவை நம்பாதீர்கள். கோடை இடிமழை அங்கே 0.2 காட்டும்போதே உங்கள் சைட்டில் 0.9 பெய்திருக்கலாம்.

அளவுகோல்:
கட்டாயம் இல்லை என்பதால் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? தடுப்புகளை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு எந்த அட்டவணை எடுத்தாலும் பெர்மிட்டில் இருக்கிறது. வார ஆய்வு வைத்திருக்கும் ஃபோர்மேன் மழை மறுநாள் ஒரு சுற்று நடந்து பழுது பார்க்கட்டும்.

வண்டல்பிடி:
தேதி போடாத வேலையை சைட்டில் யாரும் செய்வதில்லை, சார். கான்கிரீட் ஊற்றும் நாளில் வேலியைப் பார்க்க ஆள் விடமாட்டார்கள்.

சரிவுக்கோடு:
இருவருமே தேதியைப் பேசுகிறீர்கள். பெரும்பாலான இடங்களில் தடுப்பே தப்பான இடத்தில் நிற்கிறது, அதை எந்தக் கிழமை பார்த்தாலும் தப்புதான்.

சில்ட் ஃபென்ஸின் பொதுக் கணக்கு, 100 அடி வேலிக்குக் கால் ஏக்கர் நிலத்திலிருந்து வடியும் நீர். உதாரணத்துக்கு 12 ஏக்கர் சைட்டின் நீர் முழுதும் ஒரே மூலைக்கு வந்தால் 4,800 அடி வேலி வேண்டும். அந்த மூலையில் அது நடக்காது. 10 ஏக்கரோ அதற்கு மேலோ ஒரே இடத்துக்கு வடிந்தால், இயலும் இடத்தில் வண்டல் குளம் வெட்டச் சொல்கிறது பெர்மிட். கொள்ளளவை 2 ஆண்டு, 24 மணி நேர மழைக்கு (சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு நாள் பெருமழைக்கு) கணக்கிடலாம். இல்லையென்றால் ஏக்கருக்கு 3,600 கன அடி. 12 ஏக்கருக்கு 43,200 கன அடி. ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு அங்குல நீர் அது, அதற்கு மேல் நீர் வந்து சேர்ந்தால் குளமும் நிரம்பி வழியும். பாதுகாப்பான வழிந்தோடி இல்லாமல் கரையை மட்டும் போட்டால் கரையே அறுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று, ஹூஸ்டன் களிமண். துகள் அவ்வளவு நுண்ணியது, துணி அதைப் பிடிக்காது. குளத்திலும் சீக்கிரம் படியாது. அதனால்தான் குளத்து நீரை அடியிலிருந்து விடாமல், மிதக்கும் ஸ்கிம்மர் மாதிரி ஏதாவது வைத்து மேல்மட்டத்திலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். அடியில் ஓட்டை போட்ட குழாய் வைத்தால் படிந்த சேறுதான் முதலில் வெளியே வரும்.

வேலியே வைத்தாலும் துணியின் கீழ்ப்பகுதியை 6 அங்குலப் பள்ளத்தில் இறக்கி, மண் போட்டு இடிக்க வேண்டும். மேலே மண்ணைக் குவித்துவிட்டு விடும் வேலி முதல் மழைக்கே அடியில் திறக்கும். இரு முனையையும் மேட்டுப்பக்கம் வளைத்துவிடாவிட்டால் நீர் சுற்றிக்கொண்டு போய்விடும்.

வண்டல்பிடி:
வடிவமைப்பு சரியில்லை என்பதைக் காட்டிக்கொடுப்பதும் மழைக்குப் பின் ஆய்வுதான். சேறு வேலியில் பாதி உயரம் ஏறுவதற்குள் அள்ள வேண்டும். ஒரு பெருமழை ஒரே இரவில் பாதிக்கு ஏற்றிவிடும், வாரக் கிழமை வரை அது காத்திருக்காது.

அளவுகோல்:
சரிவுக்கோடு சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை, குளக் கணக்கு முதலில் வர வேண்டும். அட்டவணையில் மட்டும் நான் மாறவில்லை. ஒரே ஆள் நாலைந்து சைட் பார்க்கும் நிறுவனத்தில் எல்லாவற்றிலும் ஒரே மாலை அரை அங்குலம் பெய்தால், 24 மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் அவர் போய்ச்சேர முடியாது. நிறைவேற்ற முடியாததை எஸ்.டபிள்யூ.பி.3-இல் (சைட்டின் மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டத்தில்) எழுதக் கூடாது.

வண்டல்பிடி:
அது ஆள் பற்றாக்குறை. மண்ணைக் கிளறி அடித்தளம் போடும் மாதங்களில் சைட்டுக்கு ஒருவரைப் பயிற்றுவித்து மழை ஆய்வு வையுங்கள். பிறகு வாரத்துக்கு மாறலாம். பெர்மிட் மாதத்துக்கு அதிகபட்சம் ஒரு மாற்றம் அனுமதிக்கிறது, காரணத்தை எஸ்.டபிள்யூ.பி.3-இல் எழுதிவைக்க வேண்டும்.

சரிவுக்கோடு:
மாற்றும்போது சைட் வரைபடத்தையும் திருத்துங்கள். புல் பிடித்து நிலைப்படுத்திய பகுதிகளுக்கு மாதம் ஒரு ஆய்வு போதும், ஆனால் எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து என்பது படத்தில் இருக்க வேண்டும். ஆய்வில் கண்ட குறைக்காகத் திட்டத்தை மாற்றினால் 7 நாளுக்குள் எஸ்.டபிள்யூ.பி.3-இல் ஏற்றிவிடுங்கள். பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சைட் ட்ரெய்லரோடு கோப்பையும் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.