லேப்டாப்புக்கு வெளியே கிராபிக்ஸ் கார்டு: மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து

என் லேப்டாப் 2018-ல் வாங்கியது. ஐ5-8250யூ பிராசசர், கூடவே எம்எக்ஸ்150 என்ற சின்ன கிராபிக்ஸ் கார்டு (கேம் படத்தை வரைவது இதுதான்). ஆபீஸ் வேலைக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. ஜிடிஏ 5 கேம் போட்டால்தான் மூச்சு வாங்கும். நன்றாக உழைக்கிற பொருளை விளையாட்டுக்காகத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால் வெளியே கார்டு மாட்டும் வழியைத் தேடினேன்.

இதில் தண்டர்போல்ட், அதாவது வெளிக் கருவிகளை வேகமாக இணைக்கும் ஓட்டை, கிடையாது. ஆனால் உள்ளே எஸ்எஸ்டி (டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ்) உட்காரும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதே, அது கிராபிக்ஸ் கார்டும் பயன்படுத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 இணைப்பு, நான்கு லேன் (தடம்). விண்டோஸை வேறு இணைப்பில் ஓடும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, காலியான ஸ்லாட்டில் கார்டை இணைக்கும் அடாப்டரைச் செருகி, பட்டையான கேபிளை அடிமூடியின் இடுக்கு வழியாக வெளியே எடுத்தேன்.

கார்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்தது. பழைய ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றபிறகு பழைய கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன. இரவு பகலாக ஓடிய கார்டும் அதில் இருக்கும். அதனால் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் கால்மணி நேரம் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட்டினார். ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, திரையில் புள்ளி, கோடு எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். 120 வாட் கார்டுதான், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) தாராளம். மதர்போர்டு இல்லாமல் எஸ்எம்பிஎஸ் தானாக ஆன் ஆகாது. அதன் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சேர்த்தால்தான் ஓடும். சில அடாப்டர்கள் இதைத் தாமே செய்துவிடும், என்னுடையது செய்யவில்லை.

முதலில் மாட்டியபோது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், எரர் 12. புதிய கார்டுக்கு ஒதுக்க இடம் போதவில்லை என்று அர்த்தம். உள்ளே இருந்த எம்எக்ஸ்150-ஐ டிஸேபிள் செய்து ரீஸ்டார்ட் போட்டதும் சரியானது.

இனி முக்கியமான விஷயம். லேப்டாப்பின் சொந்தத் திரையில் ஆடினால் கார்டு வரைந்த படம் அதே கேபிள் வழியாகத் திரும்பி வரவேண்டும். போக்கும் வரத்தும் ஒரே சந்துக்குள். எனக்கு 50 எப்பிஎஸ் (ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) கிடைத்தது, நடுநடுவே வெட்டி வெட்டி நின்றது. பழைய மானிட்டர் ஒன்றை நேராகக் கார்டின் எச்டிஎம்ஐ-யில் சொருகினேன். அதே செட்டிங்கில் 65-க்கு மேல் போனது, வெட்டலும் நின்றது. ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். மே மாசம், ராத்திரி பத்து மணி, கரன்ட் ஒரு நொடி போய் வந்தது. டெஸ்க்டாப்பாக இருந்தால் மொத்தமும் அணைந்திருக்கும். இங்கே லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, கார்டுக்கு இல்லை. மானிட்டரில் 'நோ சிக்னல்'. கீபோர்டு விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் கடைசியாக வந்த சத்தம் 'ர்ர்ர்' என்று சிக்கிக்கொண்டது. எந்த பட்டனுக்கும் அசையவில்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்தேன். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் இப்படி. பிறகு பார்த்தால் அதன் பின்பக்க சுவிட்ச் நார்மல் மோடில் இருந்தது. அதில் கரன்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம், எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பதோ 16 மில்லிசெகண்ட் அளவுதான். யுபிஎஸ் மோடுக்குத் தள்ளிய பிறகு இந்தத் தொல்லை வரவில்லை. நம்ம ஊர்க் கோடைக்கு இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

சோழிங்கநல்லூரிலிருந்து

அண்ணா, மானிட்டர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் தண்டர்போல்ட் 3 பாக்ஸ் வைத்திருக்கிறேன், உள்ளே ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. ஆபீஸ் விட்டு வந்து ஒரே ஒரு கேபிளைச் சொருகினால் சார்ஜும் ஏறும், கேமும் ஓடும். அந்த நிம்மதிக்காகத்தான் கூடுதல் காசு கொடுத்தேன், இன்றுவரை வருத்தமில்லை. நொடிக்கு 40 ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும் கார்டுக்குப் போய்ச் சேர்வது சுமார் 22 ஜிகாபிட்தான். உங்கள் எம்.2 வழியில் 32 வரை போகலாம்.

நான் சிக்கியது கேபிளில். பாக்ஸை மேஜைக்கடியில் தள்ளலாம் என்று இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். சிக்னலை வலுப்படுத்தும் சிப் இல்லாத சாதாரண பேசிவ் கேபிள் அந்த நீளத்தில் பாதி வேகமே, 20 ஜிகாபிட்தான் கொடுக்கும் என்று தெரியாது. வேகம் குறைந்ததற்கு டிரைவர்தான் காரணம் என்று நினைத்து மூன்று நாள் அதை அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் பாக்ஸோடு வந்த அரை மீட்டர் கேபிளை மாட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. இப்போது பாக்ஸ் லேப்டாப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம். என் தம்பி தன் லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை இருக்கிறது என்று என் பாக்ஸை எடுத்துப் போய் மாட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டையின் வடிவம் ஒன்றுதான், உள்ளே தண்டர்போல்ட்டோ யுஎஸ்பி4-ஓ இருக்கவேண்டும். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள், கம்பெனி பக்கத்தில் மாடல் நம்பரையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வாலரண்ட் மாதிரி 200 எப்பிஎஸ் எதிர்பார்க்கும் கேமுக்கு இது எனக்குத் திருப்தி தரவில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேபிளில் போக்குவரத்து உண்டு, எண்ணிக்கை கூடக்கூட அங்கேதான் நெரிசல். ஃபோர்ஸா ஹொரைசன் 5-ஐ 1440பி ரெசல்யூஷனில் வைத்து 60-க்கு ஆடும்போது பாரம் கார்டின் தலையில் ஏறுகிறது, கேபிள் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

திருவான்மியூரிலிருந்து

கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. திறந்தபடி கார்டு வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆறு மாதத்தில் கார்டு காணாமல் போக ஆரம்பித்தது, அதாவது விண்டோஸுக்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தால் ஸ்லாட்டில் செருகும் தங்க நிறப் பற்கள் மங்கிப் போயிருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டினேன், வந்துவிட்டது. உப்புக் காற்றுக்கு இது வருஷத்துக்கு ரெண்டு தடவை தேவைப்படுகிறது. மழைக்காலத்தில் சூட்டுக்குப் பல்லி வேறு வந்து உட்காரும். அட்டைப்பெட்டி போட்டு மூடிவிடாதீர்கள், காற்று அடைபடும். மரச் சட்டத்தில் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி மேலே கவிழ்த்திருக்கிறேன்.

வில்லிவாக்கத்திலிருந்து

ரப்பர் யோசனைக்கு ரொம்ப நன்றி, இந்த வாரமே செய்கிறேன். மாட்டும்போது கரன்ட் முழுதாக அணைந்திருக்கட்டும். எம்.2 வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கவே கூடாது. நான் முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகு லேப்டாப் என்ற வரிசையில்தான் ஆன் செய்கிறேன்.

முயற்சி செய்ய நினைப்பவர்கள் அடாப்டர் வாங்குவதற்கு முன் லேப்டாப் மாடலையும், அடிமூடியைத் திறந்து எம்.2 ஸ்லாட்டின் படத்தையும் போடுங்கள். சில மாடல்களில் அந்த ஸ்லாட் சாட்டா எஸ்எஸ்டியை மட்டுமே எடுக்கும், அதில் கார்டு வேலை செய்யாது. உங்களுடையது எந்த வகை என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.