புதுப்பிப்பு: பெண்கள் ஞாயிறு செய்தி (பிரசங்கம்) கொடுத்துவிட்டேன்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே: திக்கித் திக்கிப் பேசுகிற என்னைப் போய், எங்கள் நாகர்கோவில் சபை ஐயர் (போதகர்), பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறுக்குச் செய்தி கொடுக்கச் சொல்லிவிட்டார், எப்படித் தட்டிக்கழிப்பது என்று. தட்டிக்கழிக்கவில்லை.

பைபிளில் யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். எகிப்து மன்னன் பார்வோனிடம் போகக் கர்த்தர் சொன்னதும், மோசேயும் வாய் திக்கும் என்றுதான் நழுவப் பார்க்கிறார் (80 வயதில்!). கர்த்தர் உடனே திக்கலை நீக்கிவிடவில்லை, துணைக்கு அண்ணன் ஆரோனை அனுப்புகிறார். நானும் பக்கத்து வீட்டு அக்காவை அருகில் நிறுத்திக்கொண்டேன், வசனங்களை வாசிக்க.

'பார்வோன்' என்ற இடத்தில் மூன்று முறை மாட்டிக்கொண்டேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர், "மெல்லச் சொல்லு மக்ளே" என்றார். சொன்னேன். 12 நிமிடம். கை வியர்வையில் குறிப்புத்தாளின் மை கரைந்தே போயிற்று.

ஆகஸ்டில் வாலிபப் பெண்கள் கூட்டத்துக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.