பதில்: ரிக்ரெஷன் – 'சார்த்தல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஓர் அளவைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கத் தரவுக்கு ஒரு கோட்டைப் பொருத்துவதைப் புள்ளியியலில் 'ரிக்ரெஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'சார்த்தல்' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

> 'பின்னடைவு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

இருக்கிறதுதான். ஆனால் "சோதனைத் தரவில் நேரியல் பின்னடைவு செய்தோம்" என்ற வாக்கியத்தைப் புள்ளியியல் படிக்காத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். சோதனை தோற்றுப்போனது, அதுவும் நேர்கோட்டில் தோற்றுப்போனது என்றுதான் எடுத்துக்கொள்வார். மருத்துவத்திலும் மென்பொருள் சோதனையிலும் நிலைமை பின்னோக்கிப் போவதைச் சொல்ல இந்தச் சொல் பொருந்தலாம். தரவுக்கு ஒரு கோட்டைப் பொருத்துகிற வேலையில் எதுவும் பின்னால் போவதில்லை.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதே ஒரு தற்செயல். புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தத் தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேடுவது மீச்சிறு வர்க்க முறை. அதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார். ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் 1809இல் அதைப் பற்றி எழுதினார். இருவரும் வானியல் அளவீடுகளோடு மல்லுக்கட்டியவர்கள். அவர்களுக்கு 'ரிக்ரெஷன்' என்ற சொல் தேவைப்படவே இல்லை. பரம்பரையை ஆராய்ந்த ஆங்கிலேயர் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டார். 928 பிள்ளைகள், 205 பெற்றோர் இணைகள். பெற்றோர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தார்களோ, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் தெரிந்தது. சராசரியை நோக்கிய இந்தத் திரும்புதலுக்கு அவர் வைத்த பெயர், அதைக் கணக்கிடும் முறைக்கே பெயராகிப்போனது. அவருடைய தரவில் கண்ட ஒரு விளைவின் பெயரை நாம் எல்லாத் தரவுக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த விளைவுக்குத் தனியாக 'சராசரிக்கு மீளல்' என்று வைத்துக்கொள்ளலாம். அது அழகாகவே இருக்கிறது.

> அப்படியானால் பாடநூலில் உள்ள 'தொடர்புப் போக்கு' போதுமே?

பின்னடைவைவிட எவ்வளவோ மேல். மாணவர்கள் பழகிய சொல் என்பதால் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. எனக்கு உள்ள தயக்கம் வேறு: தொடர்பு என்றால் இருபக்கமும் சமம். உயரத்துக்கும் எடைக்கும் தொடர்பு என்றாலும், எடைக்கும் உயரத்துக்கும் தொடர்பு என்றாலும் ஒன்றுதான். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் அப்படித்தான். மாறிகளை இடம் மாற்றினால் அது மாறாது. ரிக்ரெஷன் அப்படியல்ல. இரண்டு அளவுகளுக்கும் ஒரே திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு), ஒட்டுறவு 0.8 என்று வையுங்கள். இரண்டாவதை முதலாவதைக் கொண்டு கணித்தால் கோட்டின் சாய்வு 0.8. முதலாவதை இரண்டாவதைக் கொண்டு கணித்து, அந்தக் கோட்டை அதே படத்தில் வரைந்தால் சாய்வு 1.25. புள்ளிகள் அதேதான், கோடுகள் இரண்டு. எது எதைச் சார்ந்தது என்ற திசையைச் சொல்லாத பெயர் இந்த இடத்தில் படிப்பவரைக் கைவிட்டுவிடும்.

சோதனைக்கூடத்தில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கிறோம். முதலில் செறிவு தெரிந்த கரைசல்கள்: லிட்டருக்கு 0, 2, 4, 6, 8, 10 மில்லிகிராம். ஒவ்வொன்றுக்கும் கருவி காட்டும் அளவைக் குறித்துக்கொள்கிறோம். இங்கே செறிவு நாமே கவனமாகத் தயாரித்தது; பிழை பெரும்பாலும் கருவியின் வாசிப்பில் இருக்கிறது. சாதாரண மீச்சிறு வர்க்க முறை பிழையெல்லாம் சார்ந்த மாறியில்தான், அதாவது நாம் கணிக்கிற அளவில்தான் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே வாசிப்பைச் செறிவின் மீது பொருத்த வேண்டும். அப்புறம்தான், செறிவு தெரியாத கரைசலின் வாசிப்பை எடுத்துக்கொண்டு, அதே கோட்டில் பின்னோக்கிப் போய்ச் செறிவைப் படிக்க வேண்டும். கடைசியில் நமக்கு வேண்டியது செறிவுதானே என்று தொடக்கத்திலேயே அச்சுகளை மாற்றிப் பொருத்துகிறவர்கள் உண்டு. பிழை இல்லாத பக்கத்தில் பிழையை ஏற்றிவிட்டு ஒரு கோடு கிடைக்கும். அது பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதுதான் தொல்லை.

இங்கேதான் 'சார்த்து' என்ற வினை எனக்குப் பிடித்துப்போனது. ஏணியைச் சுவரில் சார்த்துகிறோம். சுவரை ஏணியில் சார்த்துவதில்லை. "வாசிப்பைச் செறிவின் மேல் சார்த்து" என்றால் திசை வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'சார்ந்த மாறி', 'சாரா மாறி' என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதே வேர். தொடர்புப் போக்கை வைத்து இப்படி ஒரு வினை செய்ய முடியவில்லை. "தொடர்புப்போக்கு செய்" என்று இழுக்க வேண்டியிருக்கிறது. 'சார்த்தல்' என்று வைத்தால் நேரியல் சார்த்தல், பன்மாறிச் சார்த்தல், சார்த்துக்கோடு, சார்த்துக்கெழு என்று குடும்பமே வருகிறது. ஆம், இல்லை என்ற வகை விடைகளைக் கணிக்கும் லாஜிஸ்டிக் சார்த்தலில் முதல் சொல்லை அப்படியே விட்டுவிடலாம், அதையும் இன்றே தமிழாக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கில்லை.

> கோயிலில் மாலை சார்த்துவது போல ஒலிக்கிறதே.

ஒலிக்கும். 'அலை', 'புலம்' எல்லாம் இயற்பியலுக்குள் வந்தபோதும் பழைய பொருளோடுதான் வந்தன. எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பேச்சில் 'சாத்து' என்று ஆகிவிடுவது. வகுப்பில் யாராவது "கதவைச் சாத்து" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நினைவிலும் வைத்துக்கொள்வார்கள் என்றால் சரி.

எச்சம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளிக்கு அதுவே இருக்கட்டும் என்பேன். வேதியியலில் வடிகட்டியபின் தங்குவதும் எச்சம்தான், ஆனால் இடம் பார்த்துப் பொருள் தெரிந்துவிடும். மாற்ற வேண்டிய சொல் ஒன்று உண்டென்றால் அது 'தீர்மானக் கெழு'. கோடு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை காட்டும் ஆர் ஸ்கொயருக்கு வைத்திருக்கும் அந்தப் பெயர், ஏதோ தீர்ப்பு சொல்வது போல் இருக்கிறது. மேலே சொன்ன கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். செறிவு ரொம்பக் கூடினால் ஒளி உறிஞ்சல் நேர்கோட்டை விட்டு மெல்லச் சாயத் தொடங்கும். அப்போதும் ஆர் ஸ்கொயர் 0.99 வரக்கூடும். எச்சங்களை வரைந்தால் இரு முனைகளிலும் கோட்டுக்குக் கீழே, நடுவில் கோட்டுக்கு மேலே என்று ஒரு வளைவு பளிச்சென்று தெரியும். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973இல் காட்டிய நான்கு தரவுத்தொகுதிகளும் இதே வகைதான்: சராசரி, கோடு, ஒட்டுறவு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே, வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு ஊர். அந்த எண் சொல்வதெல்லாம், மொத்த மாறுபாட்டில் எவ்வளவு பங்கைக் கோடு எடுத்துக்கொண்டது என்பதுதான். 'விளக்கப் பங்கு' என்று அடக்கமாக வைத்தால் என்ன? கெழு என்ற பட்டம்கூட வேண்டாம்.

'சார்த்தல்' பிடிக்காதவர்கள் 'சார்புப் போக்கு' பற்றியாவது சொல்லுங்கள். திசை அதிலும் இருக்கிறது. ஆனால் கணிதத்தில் சார்பு என்றால் 'ஃபங்ஷன்' என்ற வேறு பொருள் நிலைத்துவிட்டது. 'நேரியல் சார்பு', 'நேரியல் சார்புப் போக்கு' இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் மாணவர் திணறுவார். எதிர்ப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு "வாசிப்பைச் செறிவின் மேல் …" என்ற வாக்கியத்தையும் நிரப்பி அனுப்புங்கள். வினையாக ஓடுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.