கிரகண இரட்டை விண்மீன்: ஆரம் நிலையாக வரவில்லை, உதவி வேண்டும்

மதிமாறி:
அவசரம். ஒன்றையொன்று மறைக்கும் ஓர் இரட்டை விண்மீனுக்கு ஃபீபி மென்பொருளில் மாடல் போட்டேன், ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடம்) அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் தொடக்க மதிப்பைக் கொஞ்சம் மாற்றினாலும் ஆரம் மாறிவிடுகிறது. ஒருமுறை முதல் விண்மீன் பெரியது, அடுத்த முறை இரண்டாவது பெரியது. நிறை மட்டும் அசையவில்லை. திங்கள்கிழமை ஆய்வு கைடிடம் காட்ட வேண்டும்.

வடமீன்:
எந்த விண்மீன்? தரவு எங்கிருந்து? கிரகணம் முழுமையா, பகுதியா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பிக்சல்காரன்:
மூன்றாம் ஒளியாகத்தான் இருக்கும், அதாவது இந்த இரண்டையும் சேராத வேற்று ஒளி. டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு என்றால் ஒரு பிக்சலே 21 விகலை (பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) அகலம். பக்கத்து விண்மீன் ஒளி கலந்தால் கிரகண ஆழம் குறையும், சாய்வுக் கோணமும் (சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது) தப்பாக வரும்.

மதிமாறி:
ஒய் சிக்னி. டெஸ் தரவுதான், பகுதி கிரகணம். ஆரத்திசைவேகமும் (நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) ஒமேகாவும் (நீள்வட்டப் பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கோணம்) பழைய கட்டுரையிலிருந்து எடுத்தேன்.

கணக்கர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. இரண்டுமே சுமார் 17.5 சூரிய நிறை, அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. அப்படிப்பட்ட இணையில் பகுதி கிரகணம் ஆரங்களின் கூட்டுத்தொகையைத்தான் உறுதியாகத் தரும், விகிதத்தைத் தராது. ஒன்றைப் பெருக்கி மற்றதைச் சுருக்கினாலும் வளைவு அப்படியே இருக்கும். நிறை அசையாததற்குக் காரணம், அது திசைவேகத்திலிருந்தும் சாய்வுக் கோணத்தின் சைனின் மும்மடியிலிருந்தும் வருகிறது. 90 பாகைக்குப் பக்கத்தில் சைன் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மென்பொருளைத் தொடும் முன் இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

வடமீன்:
சார், படிக்கிற பிள்ளை, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். மதிமாறி, நிறமாலையில் இரண்டு விண்மீன்களின் கோடுகளும் நன்றாகப் பிரிந்து நிற்கும் சுற்றுக் கட்டத்தை எடுத்து, ஹீலியம் கோடுகளின் வலிமையை ஒப்பிடு. எது எவ்வளவு பிரகாசம் என்ற ஒளி விகிதம் கிடைக்கும், அது ஆர விகிதத்தைக் கட்டிப்போடும். அதை மாடலுக்குக் கட்டுப்பாடாகக் கொடு. அப்புறம், பழைய ஒமேகாவை அப்படியே போடாதே. இந்தச் சுற்றுப்பாதை சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை தானே ஒரு சுற்றுத் திரும்புகிறது.

மொட்டைமாடி:
டெஸ் எதற்கு? 8 அங்குலத் தொலைநோக்கியில் நாமே எடுக்கலாமே.

கணக்கர்:
ஒய் சிக்னிக்கா? சுற்றுக்காலம் 2.996 நாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே கட்டம்தான், 5 நிமிடம் தள்ளியிருக்கும். ஒரே ஊரிலிருந்து முழு வளைவு எடுக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

மொட்டைமாடி:
முழு வளைவு யார் கேட்டது? கிரகண உச்ச நேரங்கள் (ஒளி மிகக் குறையும் நேரங்கள்) ஆண்டுக்கு ஆண்டு விடாமல் வேண்டும். 1886-இல் சாண்ட்லர் கண்டுபிடித்ததிலிருந்து அப்படிச் சேர்ந்த நேரங்கள்தானே அந்த 48 ஆண்டைக் காட்டின? டெஸ் வானத்தின் ஒரு பகுதியை ஒரு தடவைக்குச் சுமார் 27 நாள்தான் பார்க்கும்.

பிக்சல்காரன்:
மூன்றாம் ஒளி என்றேன், யாரும் கவனிக்கவில்லை. அதையும் ஒருமுறை விடுவித்து, அதாவது மாடலில் மாறவிட்டு, பாருங்கள்.

கணக்கர்:
உச்ச நேரம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆரத்துக்கு அது உதவாது.

மதிமாறி:
ஒளி விகிதத்தைக் கட்டினேன், ஒமேகாவை விடுவித்தேன். ஆரம் இப்போது நிலையாக வருகிறது. மூன்றாம் ஒளி பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது. நன்றி அண்ணா.