‘தி ஃபாஸ்டர்ஸ்’ தொடரும் தத்தெடுத்த வீடுகளும்: நாங்கள் பார்த்தது, பழகியது

‘தி ஃபாஸ்டர்ஸ்’ தொடரை நான் தற்செயலாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். 2016-இல், துணி மடிக்கும் நேரத்தில் ஏதாவது ஓடட்டும் என்று போட்டது. சான் டியாகோவில் ஒரு வீடு. ஸ்டெஃப் போலீஸ்காரர், லீனா பள்ளித் துணை முதல்வர். இரண்டு பெண்களும் தம்பதி. ஸ்டெஃபின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஒருவன், தத்தெடுத்த இரட்டையர் இருவர். கொஞ்ச நாள் மட்டும் என்று சொல்லி அந்த வீட்டுக்குக் கேல்லி என்ற பெண்ணை அழைத்து வருகிறார்கள். சிறார் காவலிலிருந்து நேராக வருகிறாள். தம்பி ஜூடை அடித்த முந்தைய வளர்ப்புத் தந்தையின் காரை அடித்து நொறுக்கியதுதான் அவள் செய்த குற்றம்.

அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேர் என்றால், பெற்றவர்களிடம் பாதுகாப்பாக இருக்க முடியாத பிள்ளைகளை அரசு வேறொரு வீட்டில் வைத்து வளர்ப்பது. ஸ்டெஃபின் குடும்பப் பெயரும் ஃபாஸ்டர்தான். 2013 ஜூனில் தொடங்கி 2018 ஜூன் வரை ஐந்து பருவங்கள் ஓடியது. தொடர் தொடங்கிய அதே மாதம்தான் கலிஃபோர்னியாவில் ஒருபால் திருமணம் மறுபடி சட்டப்படி செல்லுபடியானது. ஆகஸ்டில் ஸ்டெஃபும் லீனாவும் திருமணம் செய்துகொண்ட பாகம் வந்தது.

எனக்கு அப்போது நாற்பது வயது. குழந்தை இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து குடும்பம் நடத்துவது பற்றி எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், முதல் மூன்று பாகங்கள் வரைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அதற்கப்புறம் கேல்லியை விட்டு என் கண் நகரவே இல்லை. அவள் தம்பிக்கு அக்காவாக இருக்கவில்லை, அம்மாவாக இருந்தாள். அந்த வேலையிலிருந்து அவளை விடுவிக்க இரண்டு பெரியவர்கள் படும் பாடுதான் எனக்கு அந்தத் தொடர்.

முதல் பருவத்தின் கடைசிப் பாகத்தில் தத்தெடுக்கும் நாள். எல்லாரும் நல்ல உடை உடுத்தி நிற்கிறார்கள். ஜூடுக்கு முடிந்துவிடுகிறது. கேல்லிக்கு நின்றுபோகிறது. இத்தனை நாள் அப்பா என்று நினைத்திருந்தவர் அவளைப் பெற்ற அப்பா இல்லை, பெற்றவர் வேறொருவர், அவர் கையெழுத்து இல்லாமல் நீதிமன்றம் நகராது. தம்பியின் பெயர் மாறிவிட்டது, அக்காவின் பெயர் மாறவில்லை. அன்று இரவு துணியை அப்படியே போட்டுவிட்டு என் கணவரை எழுப்பிப் பேசினேன். இரண்டு வருடம் கழித்து நாங்கள் வளர்ப்புப் பெற்றோர் வகுப்பில் போய் உட்கார்ந்தோம்.

நாங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவில் அதற்கு ரிசோர்ஸ் ஃபேமிலி என்று பெயர். அனுமதி கிடைக்கும் முன் குறைந்தது 12 மணி நேரப் பயிற்சி, கைரேகைப் பதிவு. முதலுதவிப் பயிற்சியும் உண்டு. வீட்டைப் பார்க்க வருவார்கள். மாத்திரை டப்பாவுக்குப் பூட்டு இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி கத்துகிறதா, குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் நம்மையே குடைவார்கள். உங்கள் அப்பா உங்களை அடித்தாரா, நீங்கள் சண்டை போட்டால் யார் முதலில் பேசுவீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். நாலு பேர் எதிரில் பேசிப் பழகாத என் கணவர் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வேறு மனிதராகிவிட்டார்.

அந்த வகுப்பில்தான் அவர்களைச் சந்தித்தேன். இரண்டு ஆண்கள். ஒருவர் மருத்துவமனையில் நர்ஸ், இன்னொருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநர் ஃப்ளோரிடாவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே 1977-இல் போட்ட ஒரு சட்டம் தன்பாலீர்ப்பாளர்கள் தத்தெடுப்பதை அடியோடு தடுத்தது. ஆனால் அதே மாநிலம் ஃபாஸ்டர் கேரில் அவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்தது. வளர்க்கலாம், இரவெல்லாம் விழித்துக் காய்ச்சல் பார்க்கலாம், ஆனால் என் பிள்ளை என்று எழுதிக்கொள்ள முடியாது. 2004-இலிருந்து இரண்டு சகோதரர்களை வளர்த்து வந்த மார்ட்டின் கில் என்பவர் வழக்குப் போட்டு, 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் அந்தச் சட்டம் போனது. “நான் அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டேன்” என்றார் ஓட்டுநர்.

அவர்கள் வீட்டுக்கு ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. துணிமணி எல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில். இது எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் பார்த்திருக்கும் காட்சி. பிள்ளை வந்த அன்றைக்கே பெட்டி வாங்கிக் கொடு என்று புதியவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது அதனால்தான்.

அந்தத் தம்பதிக்கு ஓய்வு வேண்டும்போது நான் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். ஒரு சனிக்கிழமை படுக்கை விரிப்பு மாற்றும்போது அவள் தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகள், இரண்டு சீஸ் குச்சி, பாதி வாழைப்பழம். எல்லாம் தம்பிக்கு. நான் பதறிப்போய் நர்ஸிடம் சொன்னேன். அவர் ஏற்கனவே பார்த்திருக்கிறார். எடுத்து எறியவில்லை. மறுநாள் கட்டில் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டப்பா வந்தது. பிஸ்கட், உலர்திராட்சை, தண்ணீர் பாட்டில். “இது உன்னுடையது, எப்போதும் நிரம்பியிருக்கும்” என்றார் அவளிடம். ஒவ்வொரு ராத்திரியும் அவர் அதை நிரப்பினார். எட்டு மாதம் நிரப்பியதை நான் பார்த்தேன். தலையணைக்குள் ஒளிப்பது நிற்க அவ்வளவு காலம் பிடித்தது.

தொடரில் இப்படிப்பட்ட மெதுவான விஷயங்களுக்கு நேரம் கிடையாது. அங்கே வாரத்துக்கு ஒரு பெரும் விபரீதம் வேண்டும். மூத்த மகன் பிராண்டனுக்கும் கேல்லிக்கும் காதல் என்று இழுத்தது எனக்கு அறவே பிடிக்கவில்லை. வளர்ப்பு வீட்டில் ஒரு பெண் பிள்ளை அப்படிச் சிக்கினால் அன்றைக்கே அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கேல்லிக்கும் அது தெரியும், அந்தப் பயத்தை நன்றாகவே காட்டினார்கள். இருந்தாலும் வேண்டாத வேலை.

ஆனால் இரட்டையரைப் பெற்ற ஆனாவை அவர்கள் எழுதிய விதத்துக்கு நான் கைகூப்புவேன். போதைக்கு அடிமையாகிப் பிள்ளைகளை இழந்தவள், மீள்கிறாள், வீட்டுக்கு வந்து போகிறாள். அவளைக் கெட்டவளாக்கி ஒதுக்கிவிடுவது சுலபம். கலிஃபோர்னியாவில் சட்டமே பெற்றவர்களின் பக்கம்தான் முதலில் நிற்கிறது. பெரும்பாலான வழக்குகளில் ஓராண்டு, சில சமயம் ஒன்றரை ஆண்டு வரை, பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்கத்தான் எல்லா முயற்சியும். எங்களிடம் வந்த முதல் குழந்தை ஒன்பது மாதத்தில் தன் அப்பாவிடம் திரும்பிப் போனான். அது சரியான முடிவு. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு முடியாது.

அந்த இரண்டு பேரும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளைப் பெற்ற அம்மாவிடம் காட்டக் கூட்டிப்போனார்கள். சில வாரம் அம்மா வரவே மாட்டாள். திரும்பும் வழியில் அக்கா காருக்குள் கத்துவாள், முன் இருக்கையை உதைப்பாள். ஓட்டுநர் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியை ஓரங்கட்டி, அவள் ஓயும் வரை உட்கார்ந்திருப்பார். பேருந்து ஓட்டிப் பழகிய பொறுமை என்பார் அவர் துணைவர்.

கடைசியில் பெற்றோர் உரிமையை நீக்கும் விசாரணை முடிந்து, தத்தெடுப்பு நாள் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது. இங்கே பன்னிரண்டுக்கு மேல் பிள்ளையின் சம்மதம் வேண்டும். நீதிபதி அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் பதில் சொல்லாமல், “தம்பிக்கும் இன்றைக்கேதானே?” என்றாள். இன்றைக்கேதான் என்றார் நீதிபதி. அப்புறம்தான் சரி என்றாள். எனக்குத் தொடரில் ஜூடுக்கு முடிந்து கேல்லிக்கு நின்றுபோன அந்தக் காட்சி நினைவுக்கு வந்து, நீதிமன்றத்திலேயே அழுதேன்.

இப்படி யாராவது பழகியிருந்தால், பார்த்திருந்தால், எழுதுங்கள்.

*

அக்கா, நான் சென்னை. ஆண். என் துணைவரும் ஆண். பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

நீங்கள் சொன்ன தொடரை நான் என் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, நான் சொல்லச் சொல்லப் பார்ப்பார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பேசியதில்லை. ஸ்டெஃப் வேலை முடிந்து வந்து பாத்திரம் கழுவாத பிள்ளைகளைப் பார்த்துக் கத்தும் காட்சியில், “போலீஸ்காரியா இருந்தா என்ன, நான் கத்துற மாதிரியேதான் கத்துறா” என்றார். நாலைந்து நாள் கழித்து, “உங்க ரெண்டு பேருக்கும் இப்படி ஒண்ணு எடுத்து வளர்க்க முடியாதாடா?” என்று கேட்டார். முப்பத்தேழு வயதில் என் அம்மா என்னிடம் கேட்ட முதல் நேரான கேள்வி அது.

முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 அக்டோபர் 17 காலையில் ஒருபால் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நேரலையில் பார்க்க நானும் என் துணைவரும் லீவு போட்டோம். தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பை வாசித்தபோது, மணமாகாத இணையரும் தன்பாலீர்ப்பு இணையரும் சேர்ந்து தத்தெடுப்பதைத் தடுக்கும் விதி செல்லாது என்றார். நான் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன். அப்புறம் நீதிபதி பட் வாசித்தார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விதி அப்படியே நின்றது. அம்மாவுக்கு இரண்டாவது போன் போட எனக்கு ராத்திரி வரை ஆனது.

தனி ஆளாக விண்ணப்பிக்கலாம், ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. தம்பதி என்றால் இரண்டு வருடமாவது நிலையான மண வாழ்க்கை வேண்டும். நான் தனியாக விண்ணப்பிக்கத்தான் முதலில் நினைத்தேன். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்றதும் என்னென்ன மாற்ற வேண்டும் என்று யோசித்தோம். சுவரில் இருந்த படத்தைக் கழற்றினோம். அவருடைய துணியைப் பக்கத்து அறை அலமாரிக்கு மாற்றினோம். வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் என்று சொல்வதாக முடிவு. அன்று இரவு அவர் அந்த அறையில் படுத்தார், ஒத்திகை மாதிரி. காலையில் எழுந்ததும் இருவரும் ஒன்றும் பேசாமல் படத்தைத் திரும்ப மாட்டிவிட்டோம். வரப்போகிற பிள்ளை அவரை என்னவென்று கூப்பிடும்? எனக்கு ஏதாவது ஆனால் அவரிடம் அந்தப் பிள்ளையை விடுவார்களா? சட்டத்தில் அவர் அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒருவர்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை, தாமே தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் உண்டு என்று சொன்னது. அந்த வழக்கு தத்தெடுப்பைப் பற்றியது இல்லை. இருந்தாலும் அந்தச் செய்தியைத் தாளிலிருந்து வெட்டி அம்மா தன் பீரோவில் வைத்திருக்கிறார்.

உங்கள் ஓட்டுநர் நண்பரிடம் சொல்லுங்கள். பெட்டி கட்டும் யோசனை எங்களுக்கும் உண்டு, அம்மா இருப்பதால் போகவில்லை.

*

நான் டொராண்டோவில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். ஒண்டாரியோவில் ஒருபால் இணையர் தத்தெடுக்க 1995-இலேயே நீதிமன்றம் வழி விட்டுவிட்டது. அதனால் என் வகுப்பில் இது புதினம் இல்லை. ஆனால் எனக்குப் புதினமாக இருந்தது.

ஒரு வருடம் இரண்டு அப்பாக்கள் தத்தெடுத்த பெடியன் ஒருவன் வந்தான். மே மாதம் அன்னையர் தினத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் அட்டை செய்வார்கள். அவனை என்ன செய்யச் சொல்வது என்று நான் இரவு முழுக்க யோசித்தேன். நூலகத்துக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். அவன் தானாகவே வந்து, “டீச்சர், எனக்கு மூன்று தாள் வேணும்” என்றான். இரண்டு அப்பம்மாக்களுக்கு ஒவ்வொன்று, தன்னைப் பெற்ற அம்மாவுக்கு ஒன்று. மற்றப் பிள்ளைகள் தங்களுக்கு ஏன் ஒரு தாள்தான் என்று சண்டை.

பின்னேரம் கூட்டிப்போக வந்த அப்பா மூன்றாவது அட்டையை மட்டும் கவனமாகத் தன் பையில் வைத்தார். பெற்றவளின் முகவரி அவர்களிடம் இல்லையாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் சேர்த்து வைக்கிறார்களாம். இப்போதெல்லாம் செப்டம்பரிலேயே எல்லாப் பெற்றோரிடமும் வீட்டில் யார் யார், பிள்ளை யாரை எப்படிக் கூப்பிடும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

*

சென்னைத் தம்பிக்கு: நீங்கள் எழுதியதை ஓட்டுநரிடம் போனில் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் படத்தை இனிக் கழற்ற வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். உங்கள் அம்மாவை விசாரித்தார்.

டொராண்டோ டீச்சர், அந்த மூன்றாவது அட்டையைப் பற்றிப் படித்ததும் நர்ஸிடம் கேட்டேன். அவர்களும் அம்மாவுக்கு என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். படங்கள், மதிப்பெண் அட்டைகள், தம்பியின் விழுந்த முதல் பல்.

போன மாதம் அவனுடைய பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அக்கா இப்போது என்னைவிட உயரம். கேக் வெட்டியதும் முதல் துண்டைத் தட்டில் வாங்கினாள். பழக்க தோஷத்தில் நான் தம்பியைத் தேடினேன். அவள் தேடவில்லை. நின்ற இடத்திலேயே முழுசாகச் சாப்பிட்டு முடித்து, விரலை நக்கிவிட்டு, இன்னொரு துண்டு கேட்டாள்.